துடைக்காத எண்ணெய்

மோப்பம் சாருக்கு ஜலதோஷம். என் அண்ணன் வீட்டுக்கு வருவானா, ஜெயிலுக்குப் போவானா என்பது அந்த மூக்கை நம்பித்தான் இருந்தது.

சிரிக்காதீர்கள். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. இப்போதும் இதை மெதுவாகத்தான் சொல்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா படுத்திருக்கிறார். அவர் தூங்குகிறாரா, கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறாரா என்று எனக்கு இன்னும் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

சைக்கிள் கடைக்கு மேலே ஒரே ஒரு அறை. அதுதான் அவர்கள் ஆபீஸ். மோப்பம் சார் முன்பு இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்துபோன கடைகளை மோந்து பார்த்து, தானாக எரிந்ததா, எரித்துவிட்டார்களா என்று சொன்னவர். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அவருடைய உதவியாளர் ரேடியோ. ரேடியோ ரிப்பேர் செய்துகொண்டிருந்ததால் வந்த பெயர் என்று அவர் சொல்வார். நிறுத்துவதற்குப் பொத்தான் இல்லாததால் வந்த பெயர் என்று சார் சொல்வார்.

"புழுசா சொல்லு பாப்பா," என்றார் சார், கைக்குட்டைக்குள்ளிருந்து.

"முழுசாங்கறாரு," என்றார் ரேடியோ. "காலையிலேருந்து 'ம' வரமாட்டேங்குது. என்னை மடையான்னு கூட திட்ட முடியல. ரொம்ப நிம்மதியா இருக்கு."

முழுசாகச் சொன்னேன். (சார் விட்ட 'ம'வையெல்லாம் இனி நானே போட்டுச் சொல்கிறேன்.)

அப்பா மரம் அறுக்கும் மில்லில் வேலை பார்த்தவர். வேலை வேகமாக முடியட்டும் என்று முதலாளி ரம்பத்தின் மேல்மூடியைக் கழற்றச் சொல்லிவிட்டார். அப்பாவின் வலது கையில் இப்போது கட்டை விரல் மட்டும்தான் இருக்கிறது. முதலாளி, கவனக்குறைவு என்று எழுதி அனுப்பிவிட்டார். அண்ணன் மில் வாசலில் நின்று, ஊரே கேட்க, "ஒரு நாள் உன்னைச் சுட்டுப் போட்டுடுவேன்" என்று கத்தினான். போன வாரம் யாரோ அந்த முதலாளியை நிஜமாகவே சுட்டுப் போட்டுவிட்டார்கள்.

எங்கள் வீட்டுச் சுவரில் தாத்தாவின் பட்டாளத்து ரைஃபிள் மாட்டியிருக்கும். தாத்தா போய்விட்டார்; லைசென்ஸ் அப்பா பெயரில் இருக்கிறது. போலீஸ் வந்து அதை இறக்கிப் பார்த்தார்கள். உள்ளே புது எண்ணெய் பளபளத்தது. "சுட்டவன்தானே சுத்தம் பண்ணுவான்?" என்றார் இன்ஸ்பெக்டர். அப்பா வாயைத் திறக்கப் போனார். அதற்குள் அண்ணன் முன்னால் வந்து, "நான்தான் சுட்டேன். நான்தான் துடைச்சு வச்சேன்" என்றான்.

நாளைக் காலையில் அவனைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகிறார்கள்.

"நீ நம்பறியா?"

"இல்ல சார்."

"வேற யாரு?"

அதைச் சொல்லத்தான் வந்திருந்தேன். அதைச் சொல்லத்தான் முடியவில்லை. ரேடியோ ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்.

"முதலாளியைச் சுட்ட அன்னைக்கு சாயங்காலம் அப்பாவும் வீட்ல இல்ல சார்."

"ஓகோ," என்றார் ரேடியோ. "அண்ணன் வெளிய வந்தா அப்பா உள்ள போவாரு. இதென்னம்மா, ஒரு பக்கம் இழுத்தா இன்னொரு பக்கம் கிழியற போர்வையா இருக்கு."

சார் அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நான் தோண்ட ஆரம்பிச்சா என்ன வரும்னு எனக்கே தெரியாது. பாதியில நிறுத்துங்கன்னு நீ சொன்னாலும் நிறுத்த மாட்டேன். பயமா இல்லையா?"

"ரொம்ப பயமா இருக்கு சார்."

"அப்ப வா."

*

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் சாரைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார். பழைய பழக்கம் போலிருக்கிறது. "என்ன, மூக்கை வீட்ல வச்சுட்டு வந்துட்டீங்களா?"

"மூக்கு வந்திருக்கு சார். மோப்பம்தான் லீவு," என்றார் ரேடியோ.

ரைஃபிள் மேஜைமேல் ஒரு அட்டை கட்டிக் கிடந்தது. சுவரில் இருந்தவரை அது எங்கள் வீட்டுக் கடிகாரம் மாதிரி ஒரு சாமான். இங்கே அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

"மோந்து பாரு," என்றார் சார் ரேடியோவிடம்.

ரேடியோ முதலில் மரக்கட்டையை மோந்தார். "பெயிண்ட் கடை வாசனை. பழசு."

"ஆளி விதை எண்ணெய். மரத்துக்குப் போடறது. சரிதான். அடுத்தது."

இன்ஸ்பெக்டர் போல்டைக் கழற்றிக் கொடுத்தார். தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற இரும்புத் தண்டு அது. அதற்குள்தான் ஸ்பிரிங்கும், தோட்டாவின் பின்பக்கம் போய் அடிக்கிற ஊசியும் இருக்கின்றன. ரேடியோ அதை மூக்கருகே கொண்டுபோனார். முகம் மாறியது. இன்னொரு கை தானாக வயிற்றைப் பிடித்தது.

"தலைவரே, எனக்கு வயித்தைக் கலக்குது."

"வாசனையைச் சொல்லுய்யா."

"இது வாசனை இல்ல தலைவரே, ஞாபகம். பரீட்சை லீவு விட்டதும் எங்க அம்மா என் மூக்கைப் பிடிச்சு, வாயைத் திறந்து, ஒரு ஸ்பூன் ஊத்துவாங்க. அப்புறம் அன்னைக்குப் பூரா நான் எங்க இருப்பேன்னு ஊருக்கே தெரியும்..."

"விளக்கெண்ணெய்!" என்று கத்திவிட்டேன்.

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். "யாரைச் சொல்றே?"

"எண்ணெயைச் சொன்னேன் சார்."

மோப்பம் சார் போல்டை வாங்கிச் சாய்த்தார். பழுப்பாக, தேன் மாதிரி கெட்டியாக ஒரு இழை இறங்கி அவர் மணிக்கட்டு வரை வந்தது. விரலை விரலோடு ஒட்டி எடுத்தார். பசை மாதிரி இழுத்தது.

"பையனைக் கூப்பிடுங்க."

அண்ணன் வந்தான். ஒரே சட்டையோடு இருந்தான். என்னைப் பார்த்ததும் முகம் கடுத்தது. "நீ எதுக்கு இங்க வந்தே? வீட்டுக்குப் போ."

"நீ வா, போறேன்."

"அடி வாங்குவே."

"தம்பி," என்றார் சார், "இதைச் சுத்தம் பண்ணினது நீதானே? எப்படிப் பண்ணினேன்னு சொல்லு. எனக்கும் ஒண்ணு வாங்கற உத்தேசம் இருக்கு."

அண்ணன் ஒப்பித்தான். அப்பா எங்கள் இருவருக்கும் சொல்லிக் கொடுத்ததுதான். "முதல்ல குழல் வழியா கொதிக்கிற தண்ணி ஊத்தணும். இதுக்குப் போடற தோட்டா பழைய காலத்துது. சுட்டா உள்ள உப்பு படியும். உப்பு எந்த எண்ணெயிலயும் கரையாது, தண்ணியிலதான் கரையும். அப்புறம் மண்ணெண்ணெய் விட்டு அழுக்கை எடுக்கணும். அப்புறம் காஞ்ச துணி. கடைசியா துப்பாக்கி எண்ணெய் ரெண்டு சொட்டு. அதையும் துடைச்சிடணும். பாத்தா ஈரமா தெரியணும், தொட்டா விரல்ல ஒட்டக் கூடாது."

"சுட்டதும் தண்ணி ஊத்தலைன்னா?"

"ரெண்டு நாள்ல துரு ஏறிடும். இந்த மழையில ஒரே நாள்ல."

"அதையெல்லாம் செஞ்சியா?"

"செஞ்சேன்."

சார் எண்ணெய் வழிந்த மணிக்கட்டை அவன் முன்னால் நீட்டினார். அண்ணன் அதைப் பார்த்தான்.

"அது... அவசரத்துல..."

"அவசரத்துல ரெண்டு சொட்டு அரைக் கிண்ணமா ஆயிடுச்சு. பரவாயில்ல. ரேடியோ, குழலைக் குத்து."

ஒரு நீளக் குச்சியில் வெள்ளைத் துணியைச் சுற்றி, ரேடியோ குழலுக்குள் இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் எடுத்தார். துணியில் கருப்பும் இல்லை, துருவும் இல்லை. சாம்பல் நிறத் தூசி. கூடவே காய்ந்துபோன ஒரு குட்டிப் பூச்சி.

"பாத்தீங்களா? கழுவிட்டான்," என்றார் இன்ஸ்பெக்டர்.

"கழுவிட்டு, பூச்சியைத் திருப்பி உள்ள வச்சானா?"

இன்ஸ்பெக்டர் குனிந்து பூச்சியைப் பார்த்தார். போல்டை வாங்கித் திருப்பிப் பொருத்தி, ரைஃபிளை ஜன்னல் பக்கம் நீட்டி, வெறும் விசையை அழுத்தினார். 'டக்' என்று கேட்க வேண்டும். ஈர மண்ணில் பந்து விழுந்த மாதிரி 'தொப்' என்றது. இன்னொரு தடவை அழுத்தினார். தொப்.

"ஊசி நகரவே மாட்டேங்குது," என்றார் மெதுவாக.

"விளக்கெண்ணெயில நீந்திப் போகணும்ல, பாவம்," என்றார் ரேடியோ.

"நான்தான் சுட்டேன்னு சொல்றேன்ல!" அண்ணன் மேஜையைத் தட்டினான். "ஒத்துக்கிட்டவனை விட்டுட்டு எதுக்கு சார் நோண்டிட்டிருக்கீங்க? எங்க வீட்டை விடுங்க!"

அவன் குரல் உடைந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் எதை நினைத்துப் பயந்தேனோ, அவனும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தான். நான் மாடிப்படி ஏறி ஆள் தேடினேன். அவன் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டான்.

அவனைத் திரும்ப அழைத்துப் போனார்கள். இன்ஸ்பெக்டர் நெற்றியைத் தேய்த்தார். "சுட்டப்புறம் யாராவது ஊத்தியிருக்கலாம். தூசியையும் பூச்சியையும் வச்சுக்கிட்டு, வாக்குமூலம் கொடுத்தவனை நான் வெளிய விட முடியாது. இதை ஊத்தினது யாரு, எப்ப, எதுக்கு? அதைக் காட்டுங்க. விட்டுடறேன்."

"இந்த போல்டுல எண்ணெய் போற ஓட்டை இவ்வளவுதான்." சார் சுண்டு விரல் நகத்தைக் காட்டினார். "பாட்டில்லேருந்து ஊத்தினா வெளியதான் வழியும். ஆனா வெளிய வழியல, உள்ளதான் நிறைஞ்சிருக்கு. என்னை விட நீளமான மூக்கு ஒண்ணு இதுல நுழைஞ்சிருக்கு." என் பக்கம் திரும்பினார். "உங்க வீட்டுக்குப் போவோமா?"

வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். பாதியில் நிறுத்தமாட்டேன் என்று அவர்தான் முதலிலேயே சொல்லிவிட்டாரே.

*

ஜீப் நிற்கும் சத்தம் கேட்டும் அப்பா எழுந்து வரவில்லை. வழக்கமான நாற்காலியில், வழக்கம் போலச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ரைஃபிள் மாட்டியிருந்த இடத்தில் சுண்ணாம்பு வெளுப்பாகத் தெரிந்தது. அம்மா தையல் மெஷினில் இருந்தாள். யாருடைய பள்ளிக்கூடச் சீருடையோ. இப்போது வீடு ஓடுவது அந்த மெஷினில்தான்.

"உக்காருங்க," என்றாள் அம்மா, எழுந்து. "பையன் சாப்பிட்டானா?"

"சாப்பிட்டான்மா," என்றார் இன்ஸ்பெக்டர். அது பொய் என்று எனக்குத் தெரியும்.

மோப்பம் சார் உட்காரவில்லை. அறையைச் சுற்றி வந்தார். தையல் மெஷினின் இழுப்பறை திறந்திருந்தது. அதில் நூல்கண்டு, கத்தரி, சாக்குக்கட்டி. கூடவே இரண்டு எண்ணெய் டப்பாக்கள், தகர வயிறும் நீளமான கூர்மூக்குமாக. அடியை அழுத்தினால் 'டொக்' என்று ஒரு சொட்டு விடுமே, அதுதான்.

"ரெண்டு எதுக்கும்மா?"

அம்மா இழுப்பறையைப் பார்த்தாள்.

அவர் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் அழுத்தினார். தண்ணீர் மாதிரித் தெளிவாக ஒரு சொட்டு விழுந்தது. மெஷின் எண்ணெய். இரண்டாவதை அழுத்தினார். எதுவும் வரவில்லை. பலமாக அழுத்தினார். பழுப்பாக, மெதுவாக, இழுத்துக்கொண்டே இறங்கியது.

ரேடியோ குனிந்து மோந்தார். தலையை ஆட்டினார்.

"இதைத் தையல் மெஷினுக்குப் போட்டா மெஷின் நின்னுடுமே அம்மா," என்றார் சார்.

"நிக்கும்," என்றாள் அம்மா.

"தெரிஞ்சேதான் வச்சிருக்கீங்க."

அம்மா மறுபடி மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். துணியை ஒழுங்காக மடித்தாள். அப்பாவின் பக்கம் பார்க்கவே இல்லை. "கல்யாணம் ஆன புதுசு. மெஷினுக்கு எண்ணெய் போடுன்னார் இவர். எல்லா எண்ணெயும் எண்ணெய்தானேன்னு அலமாரியில இருந்த விளக்கெண்ணெயை ஊத்திட்டேன். ரெண்டு மாசத்துல மெஷின் கல்லு மாதிரி ஆயிடுச்சு. இவர் ஒரு நாள் பூரா உக்காந்து ஒவ்வொரு துண்டா கழட்டி, மண்ணெண்ணெயில ஊற வச்சு எடுத்தாரு. எடுத்து வைக்கற துண்டுக்கெல்லாம் 'விளக்கெண்ணெய், விளக்கெண்ணெய்'னு திட்டினாரு. எண்ணெயைத் திட்டறாரா, என்னைத் திட்டறாரான்னே எனக்குத் தெரியல." அவள் உதடு கொஞ்சம் விரிந்தது. "அன்னைக்குச் சொன்னாரு. ஊசி இருக்கற எந்த மெஷினையும் நிறுத்தணும்னா இது போதும்னு."

"அம்மா," என்றார் இன்ஸ்பெக்டர், "துப்பாக்கியில எப்ப ஊத்தினீங்க?"

"கை போச்சே, அதுக்கப்புறம். இவர் ஆஸ்பத்திரியிலேருந்து வந்து, இந்த நாற்காலியில உக்காந்து, அந்தச் சுவத்தையே பாக்க ஆரம்பிச்சப்புறம். இவர் குளிக்கப் போற நேரமா பாத்து ஊத்துவேன். அப்புறம் காஞ்சு போயிருக்குமோன்னு பயம் வரும். மறுபடி ஊத்துவேன். நீங்க வந்தீங்களே, அதுக்கு முதல் நாள் கூட ஊத்தினேன்."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் சுவரிலிருந்து கண்ணை எடுத்துவிட்டிருந்தார்.

சார் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அவர் குரல் தாழ்ந்துபோயிருந்தது. "சுத்தம் பண்றவங்க துடைச்சு வைப்பாங்க இன்ஸ்பெக்டர். இவங்க துடைக்கல. இது துப்பாக்கியைக் காப்பாத்தப் போட்ட எண்ணெய் இல்ல. துப்பாக்கிகிட்டேருந்து ஒருத்தரைக் காப்பாத்தப் போட்டது."

"தூக்கித் தூரப் போட்டிருக்கலாமேம்மா," என்றார் ரேடியோ. அது கிண்டல் இல்லை, கேள்விதான். "எங்ககிட்ட கொடுத்திருந்தா கூட..."

"சுவத்துலேருந்து எடுத்தா ஏன் எடுத்தேன்னு கேப்பாரு. என்ன சொல்லுவேன்? இல்லாத நினைப்பை நானே கொண்டுபோய்க் கொடுத்த மாதிரி ஆயிடாதா? தோட்டாவை எங்க வச்சிருக்காருன்னும் எனக்குத் தெரியாது. நான்தான் பைத்தியம் மாதிரி பயப்படறேன்னு நினைச்சேன். பைத்தியமாவே இருந்துட்டுப் போறேன்னு ஊத்தினேன். யாருக்கும் தெரியாம இருந்தா யாருக்கும் நஷ்டம் இல்ல."

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். "நான் நம்பறேம்மா. ஆனா பெத்தவ, பையனுக்காக ஜோடிச்சுச் சொல்றான்னு சொல்லுவாங்க. சுட்டது அப்புறம், ஊத்தினது முன்னாலன்னு காட்ட உங்க வார்த்தையைத் தவிர வேற ஏதாவது..."

"இருக்கு," என்றார் அப்பா.

அம்மா சட்டென்று திரும்பினாள். அண்ணனைக் கூட்டிப் போன நாளிலிருந்து அந்தக் குரலை நாங்கள் கேட்டிருக்கவில்லை.

அவர் இடது கையைச் சட்டையின் உள்பைக்குள் விட்டார். அந்தக் கையால் அந்தப் பக்கத்துப் பையில் எடுப்பது கஷ்டம். உதவி செய்யப் போனேன். வேண்டாம் என்று தலையசைத்தார். வெளியே எடுத்து இன்ஸ்பெக்டர் முன்னால் வைத்தார்.

ஒரு தோட்டா. வெடிக்காதது. பின்பக்க வட்டத்தின் நடுவே, கடுகு உட்காருகிற அளவுக்கு ஒரு சின்னக் குழி.

"ஊசி வந்து தொட்டிருக்கு," என்றார் மோப்பம் சார். "தொட மட்டும்தான் முடிஞ்சிருக்கு."

"மழைக்கு முன்னாடி, முதலாளி சாகறதுக்கு ரொம்ப முந்தி," என்றார் அப்பா. "அன்னைக்கு வீட்ல யாரும் இல்ல. அமுக்கினேன். தொப்புன்னுச்சு. தோட்டா பழசு, நமுத்துப் போச்சுன்னு நினைச்சேன். எங்க அப்பா வாங்கி வச்ச தோட்டா. அவர் மேல கூட கோவம் வந்துச்சு. இன்னொண்ணு எடுக்கப் போனேன். இவ வந்து கேட்டை ஆட்டினா." என் பக்கம் கை நீட்டினார். கட்டை விரல் மட்டும் மிஞ்சின கை. "அந்தக் கொக்கி துருப்பிடிச்சிருக்கு, இவளால திறக்க முடியாது. திறந்து விடணுமேன்னு எழுந்து போனேன்."

எனக்கு அந்த நாள் ஞாபகமில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. ஸ்கூல் விட்டு வந்து கேட்டை ஆட்டுவேன், அப்பா வந்து திறப்பார், நான் புத்தகப் பையை அவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே ஓடுவேன். எல்லா நாளும் அப்படித்தான். அதில் எந்த நாள்?

அம்மா எழுந்தாள். அப்பாவிடம் போவாள் என்று நினைத்தேன். போகவில்லை. நடுவழியிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நிஜமாவே அமுக்கினீங்களா?" என்றாள். "நான் சும்மா பயந்தேன்னுல்ல இத்தனை நாளா நினைச்சுட்டிருந்தேன். சும்மான்னு சொல்லுங்களேன்."

அப்பா சொல்லவில்லை. ரேடியோ என் தோளில் கை வைத்து, வாசல் பக்கம் கூட்டிப் போனார். "தண்ணி குடிக்கிறியா?" என்றார். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான் போலிருக்கிறது.

*

ஸ்டேஷனுக்குத் திரும்பியதும் அப்பாவின் வாக்குமூலத்தை இன்ஸ்பெக்டர் தானே எழுதினார். அப்பா விசையை அமுக்கிய இடம் வந்ததும் பேனா நின்றது. பிறகு எழுதியதைச் சத்தமாகப் படித்தார்: "துப்பாக்கி வேலை செய்கிறதா என்று பார்த்தேன். செய்யவில்லை." நிமிர்ந்து, "எதுக்குப் பாத்தீங்கன்னு நான் கேக்கல, நீங்களும் சொல்லல," என்றார். அப்பா இடது கையால் கையெழுத்துப் போட்டார். சின்னப் பிள்ளை எழுதின மாதிரி இருந்தது.

"மாஜிஸ்ட்ரேட்கிட்ட நானே பேசறேன். துப்பாக்கி ரிப்போர்ட் வர்ற வரைக்கும் பையன் ஊரை விட்டுப் போகக் கூடாது, அவ்வளவுதான். சுட்டவன் வெளிய இருக்கான். மில்லுலேருந்து மறுபடி ஆரம்பிக்கறேன்."

"கூட ஒரு மூக்கு வேணும்னா சொல்லுங்க," என்றார் ரேடியோ. "என்னுது நல்லா வேலை செய்யுது."

அண்ணனை அழைத்து வந்தார்கள். யாரும் அவனுக்கு எதுவும் சொல்லியிருக்கவில்லை. வந்தவன் அப்பாவைப் பார்த்தான். மேஜைமேல் தோட்டாவைப் பார்த்தான். முகம் வெளுத்தது.

"எதுக்குப்பா வந்தீங்க? நான்தான் பாத்துக்கறேன்னு..."

"நீ சுடலைல்ல?" என்றார் அப்பா.

"நான் இல்ல. நீங்க...?"

"நானும் இல்ல. பஸ் ஸ்டாண்டுல கடைசி பெஞ்சுல உக்காந்திருந்தேன். தினம் சாயங்காலம் அங்கதான்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அண்ணனுக்குச் சிரிப்பு வந்தது. "அய்யோ, நான் உங்களை..." என்று ஆரம்பித்துச் சிரித்தவன், தோட்டாவின் பின்பக்கத்தை அப்போதுதான் கவனித்தான். கையில் எடுத்தான். விரல் நுனியால் அந்தக் குழியைத் தொட்டான். குழல், ஊசி, ஸ்பிரிங் எல்லாம் தெரிந்தவன் அவன். அவனுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தோட்டாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, அப்பாவின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டான். விடவே இல்லை.

இன்ஸ்பெக்டருக்குச் சூழ்நிலையை லேசாக்க வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும். நல்ல மனுஷர்தான். "கேஸ் முடிஞ்சதும் ரைஃபிள் உங்களுக்கே வந்துடும். லைசென்ஸ் இருக்கே. எங்க ஆயுதக் கிடங்குல ஒரு ஆள் இருக்கான், கைகாரன். அந்தப் பிசுக்கையெல்லாம் எடுத்து, புதுசு மாதிரி ஓட வச்சுத் தருவான். யாரு வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கறீங்க?"

அம்மா வாயைத் திறந்து மூடிக்கொண்டாள். வேண்டாம் என்று அவள் சொன்னால் அது அவள் பயம். அண்ணன் சொன்னால் அவன் பயம். நான் சொன்னால் என்னுடையது. மூன்று பேரும் அப்பாவையே பார்த்தோம். பார்க்கக் கூடாது என்று தெரிந்தும் பார்த்தோம்.

அப்பா ரைஃபிளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"வந்து வாங்கற மாதிரி இல்ல சார். இங்கயே இருக்கட்டும்," என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, அம்மா பக்கம் திரும்பாமலே சொன்னார். "ஆனா அந்த எண்ணெயை மட்டும் துடைச்சிடச் சொல்லாதீங்க. அது இவ போட்டது."